குளூட்டன் நீக்கிய உணவில் ஓட்ஸுக்கு இடமுண்டா?

கோதுமை மாவை நீர் விட்டுப் பிசைந்து, அந்த உருண்டையை ஓடும் நீரிலே கையால் அலசிக்கொண்டேயிருந்தால், வெண்ணிறமான மாப்பொருள் நீரோடு நீராய்க் கரைந்து போய்விடும். ஈற்றிலே கையில் எஞ்சுவது, இழுத்தால் நீள்வதும் விட்டால் சுருங்குவதுமான பிசின் போன்ற ஒரு பொருள். இத்தாலி நாட்டின் பொலோஞா நகரத்துப் பேராசிரியர் பெக்காரி என்பார் இதனைப் பிரித்தெடுக்கும் முறையை விவரித்த கட்டுரை 1745ஆம் ஆண்டிலே அச்சேறியது. இப்பிசினே குளூட்டன் எனப்படும் புரதம். பாண் பஞ்சுபோல் உப்பி நிற்பதும், ரொட்டியை மெல்லிதாகத் தட்டினாலும் அது கிழியாதிருப்பதும் இதனாலேயே. அரிசி மாவில் இத்தகைய பிசின் இல்லை. அரிசி மாவைக் கொண்டு பாண் சுட முயன்றவர்கள் இதனை நன்கறிவர்.

மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இப்புரதத்தால் யாதொரு தீங்கும் இல்லை. ஆயினும், ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலே சீலியக் நோய் என்னும் பிணியுடையோர் உலகில் உள்ளனர். இவர்களது குடலைக் குளூட்டன் அடைந்ததும், உடலைக் காக்க வேண்டிய காவற்படையே உடலைத் தாக்கத் தொடங்கிவிடுகிறது. சிறுகுடலின் உட்சுவர் வெல்வெட்டுத் துணியை ஒத்தது. ஒரு மில்லிமீற்றர் உயரமும் எட்டாத எண்ணற்ற சடைமுளைகள் அங்கே நெருங்கி நிற்கின்றன; உண்ட உணவின் சத்து அவற்றின் வழியாகவே குருதியைச் சேர்கிறது. சீலியக் நோயில் இச்சடைமுளைகள் தேய்ந்து மொட்டையாகின்றன. பயிர் முழுவதும் அழிந்த வயலைப்போலக் குடற்சுவர் வெறுமையாகிவிடுகிறது. குழந்தையாயின் வயிறு பருத்து, கைகால் மெலிந்து, வளர்ச்சி தடைப்படும். பெரியவர்களுக்கு இரும்புச் சத்துக் குறைந்து சோகை வரலாம். எலும்பு வலிமை குன்றலாம். சிலருக்குத் தோலிலே கடும் அரிப்புடன் கொப்புளங்கள் தோன்றும். இன்னும் சிலருக்கு வெளியே எவ்வித அறிகுறியும் இருப்பதில்லை. உள்ளே கேடு நடந்துகொண்டிருக்கும். இந்நோய்க்கு இன்றுவரை உள்ள சிகிச்சை, குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குதல் ஒன்றே.

ஆகவே, இத்தகையோரின் காலை உணவுக் கோப்பையில் ஓட்ஸுக் கஞ்சியை வார்க்கலாமா என்னும் கேள்வி, சுவை பற்றிய கேள்வியன்று. குளூட்டனை ஒரு நாகரிகமாக விலக்குவோர் இக்காலத்தில் பெருகியுள்ளனர். அவர்களுக்கு இக்கேள்வியின் விடை எவ்வாறிருந்தாலும் பெரிதாக ஒன்றும் நேர்ந்துவிடாது. நோயுள்ள குழந்தையின் தாய்க்கோ, விடை பிழையானால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கேட்டை நாள்தோறும் கரண்டியால் ஊட்டியதாக முடியும். மறுபுறம், காரணமின்றி ஓட்ஸை விலக்குவதும் நட்டமே. கோதுமையையே தலையாய உணவாகக் கொண்ட ஐரோப்பியர் அதனை நீக்கிவிட்டுச் சோள மாவாலும் அரிசி மாவாலும் செய்த வெளிறிய பாணை உண்ணும்போது, அவர்கள் உணவில் நார்ச்சத்தும் இரும்பும் சில உயிர்ச்சத்துகளும் குறைந்துவிடுகின்றன. அவற்றை ஈடுசெய்ய ஓட்ஸ் பெரிதும் உதவும். குருதியிலுள்ள கொலஸ்திரோலைக் குறைக்கும் பீற்றா குளூக்கன் என்னும் நார்ப்பொருளும் அதில் மிகுதியாக உண்டு.

இந்நோயின் வரலாறு நீண்டது. கிறித்துவுக்குப் பின் முதலாம் இரண்டாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த கப்படோக்கியா நாட்டு அரெத்தேயஸ் என்னும் கிரேக்க வைத்தியர் இதனை ஒத்த பிணியொன்றைக் குறித்துள்ளார். வயிறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே சீலியக் என்ற பெயருக்கு மூலம். இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ 1888இல் வெளியிட்ட கட்டுரையில், நோயாளி குணமடைவதாயின் அது உணவு முறையினாலேயே ஆகும் எனக் கருதினார். ஆனால் எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. ஒல்லாந்து நாட்டு மட்டிகளை நாள்தோறும் உண்ட ஒரு குழந்தை நன்கு தேறியதாகவும், மட்டிப் பருவம் கழிந்ததும் மீண்டும் நோயுற்றதாகவும் அவர் எழுதிவைத்தார். பின்னர் 1924இல் நியூயோர்க் வைத்தியர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவு முறையைப் பரப்பினார். அதனாலும் குழந்தைகள் பிழைத்தார்கள். அவர்களைக் காத்தது வாழைப்பழமன்று, அதனால் விலக்குண்ட பாண்தான் என்பது அப்போது எவர்க்கும் தோன்றவில்லை.

அதனைக் கண்டவர் ஒல்லாந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் காரெல் டிக்கே. 1944ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அடுத்த ஆண்டின் வசந்தம் வரை, ஜேர்மானியர் பிடியிலிருந்த ஒல்லாந்தின் மேற்குப் பகுதியைக் கொடும் பஞ்சம் வாட்டியது. மக்கள் துலிப் மலர்ச் செடியின் கிழங்கையும் அவித்துண்டனர். நாடே மெலிந்த அக்காலத்தில் சீலியக் நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினார்கள். பாண் மீண்டும் வந்ததும் நோயும் மீண்டது. பஞ்சமே இவ்வுண்மையைப் புகட்டியது என்று பலரும் சுவையாகச் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. டிக்கே போருக்கு முன்னரே கோதுமையில் ஐயங்கொண்டு சோதனைகளைத் தொடங்கிவிட்டார். பாண் இல்லாத உணவு முறை பற்றி 1941இலேயே எழுதியுமிருந்தார். அவர் ஐயத்துக்குப் பஞ்சம் சான்று பகர்ந்தது என்பதே பொருத்தம். 1950இல் அவர் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில், கோதுமை, றை, ஓட்ஸ் ஆகிய தானியங்களை விலக்கினால் நோயாளர் தேறுவர் என்று நிறுவினார்.

ஓட்ஸ் குற்றவாளிக் கூண்டில் ஏறியது இவ்வாறுதான். அக்காலத்தில் குடற்சுவரின் துணுக்கை எடுத்துப் பார்க்கும் வசதி இல்லை. நோயாளியின் மலத்தில் எவ்வளவு கொழுப்பு வெளியேறுகிறது என்பதை அளந்தே தீர்ப்பு வழங்கினர். கோதுமைக்கு எதிராகக் கிடைத்த சான்று மலைபோல் இருந்தது. ஓட்ஸுக்கு எதிரானதோ அத்துணை வலிதன்று. எனினும் ஒருமுறை விலக்குப் பட்டியலில் ஏறிய பெயரை இறக்குவது எளிதா என்ன?

பயிரினத்தை நோக்கினும் ஓட்ஸ் சற்றுத் தள்ளியே நிற்கிறது. கோதுமை, பார்லி, றை மூன்றும் ஒரே குலத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகள். ஓட்ஸை அவற்றின் ஒன்றுவிட்ட சகோதரன் எனலாம். நெல் அதனினும் தூரத்து உறவு. கோதுமைக் குளூட்டனில் நோயைத் தூண்டும் பகுதி கிளையடின், பார்லியில் அதற்கு ஈடானது ஹோர்டீன், றையில் செக்கலின். ஓட்ஸில் உள்ளது அவெனின். கோதுமைப் புரதத்தில் ஏறக்குறைய பாதியளவு கிளையடினாக இருக்க, ஓட்ஸ் புரதத்தில் அவெனின் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கே. அதன் அமைப்பும் வேறு. கிளையடினிலே புரோலின் என்னும் அமினோ அமிலம் செறிந்திருப்பதால், வயிற்றிலுள்ள நொதியங்கள் அதனை முழுமையாக வெட்டமுடிவதில்லை. வெட்டுப்படாத நீண்ட துண்டுகளே குடற்சுவரில் கலகத்தை விளைவிக்கின்றன. அவெனினில் புரோலின் குறைவு. ஆதலின் அது பெரும்பாலும் செரித்துவிடுகிறது.

இது ஏட்டுக் கணக்கு. நோயாளரின் குடல் என்ன சொல்கிறது என்பதன்றோ முக்கியம்? இங்கிலாந்தில் இதற்கான முயற்சிகள் 1950களின் இறுதியிலேயே தொடங்கின. 1974இல் திசநாயக்கா, துரூலவ், வைற்ஹெட் என்னும் மூவர் பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதற் பெயர் இந்நாட்டுச் செவிக்குப் பழக்கமானது. அவர்கள் நோயாளர் நால்வருக்கு ஒரு மாதம் ஓட்ஸ் கொடுத்து, குடற்றுணுக்கை முன்னும் பின்னும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தனர். கேடு எதுவும் காணப்படவில்லை. இரண்டாண்டுகளின் பின் வேறிருவர், ஓட்ஸ் உண்ட நோயாளர் சிலரின் குடல் பாதிக்கப்பட்டதாக எழுதினர். இவ்வாறு வழக்கு இழுபட்டுக்கொண்டே சென்றது.

நிலைமையை மாற்றியவர்கள் பின்லாந்து நாட்டினர். அந்நாட்டில் ஓட்ஸ் செழித்து வளர்வது. மக்கள் விரும்பி உண்பது. அங்கே நிகழ்ந்து 1995இல் வெளியான ஆய்வொன்றில், நோய் தணிந்திருந்த 52 பேரும் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 40 பேரும் பங்குபற்றினர். ஒரு பகுதியினர் ஓட்ஸுடனும் மறுபகுதியினர் ஓட்ஸின்றியும் குளூட்டன் நீக்கிய உணவை உண்டனர். முதற் குழுவினர் ஆறு மாதமும் இரண்டாங் குழுவினர் ஓராண்டும் இவ்வாறு கண்காணிக்கப்பட்டனர். நாளொன்றுக்கு 50 முதல் 70 கிராம் வரை ஓட்ஸ் கொடுப்பது என்பது திட்டம். முடிவிலே சடைமுளைகளைப் பொறுத்தவரை இரு பகுதியினர்க்கும் வேறுபாடு தென்படவில்லை. சுவீடன் நாட்டிலே 116 சிறுவர்களைக் கொண்டு நிகழ்த்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வும் இவ்வாறே முடிந்தது. எந்தச் சிறுவன் ஓட்ஸ் உண்கிறான் என்பதை அவனும் அறியாமல், வைத்தியரும் அறியாமல் நடத்தப்பட்ட ஆய்வு அது.

இத்துடன் வழக்கு முடிந்ததென எண்ணியிருக்கையில், 2003இல் நோர்வேயிலிருந்து ஒரு செய்தி வந்தது. பத்தொன்பது நோயாளர் பன்னிரண்டு வாரங்கள் தினமும் 50 கிராம் தூய ஓட்ஸ் உண்டனர். அவர்களுள் ஒரு பெண்மணிக்குச் சடைமுளைகள் தேய்ந்தன. தோலிலும் கொப்புளம் கண்டது. ஓட்ஸை நிறுத்தியதும் தேறினார். மீண்டும் கொடுத்தபோது முன்னிலும் கடுமையாக நோயுற்றார். அந்த ஓட்ஸிலே கோதுமை கலந்திருக்கவில்லை என்பது சோதித்து அறியப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டிலே, சிலரின் குடலில் அவெனினையே இனங்கண்டு தாக்கும் நிணநீர்க்கலங்கள் உண்டு என்று அந்நாட்டு ஆய்வாளர் காட்டினர். பதினெண்மரைத் தீண்டாத உணவு பத்தொன்பதாமவரைத் தாக்கியது. இத்தகையோர் மிகச் சிலரே. ஆனால் அச்சிலருள் ஒருவராகத் தாம் இருப்பாரா இல்லையா என்பதை முன்கூட்டியே சொல்லும் சோதனை எதுவும் வைத்தியசாலைகளில் வழக்குக்கு வரவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் தூய ஓட்ஸைப் பற்றியது. கடையிலுள்ள ஓட்ஸ் தூயதா என்பதே நோயாளர் பெரும்பாலோர்க்கு உண்மையான இடர். குளிர் நாட்டுக் கமக்காரர் இவ்வாண்டு கோதுமை விதைத்த வயலில் அடுத்த ஆண்டு ஓட்ஸ் விதைப்பர். முன்னைய பயிரின் சிந்திய மணிகள் இடையே முளைத்து உடன் வளரும். ஒரே அறுவடை இயந்திரம், ஒரே பாரவண்டி, ஒரே களஞ்சியம், ஒரே ஆலை. எங்கும் நான்கு மணி ஒட்டிக்கொண்டிருக்கும். நான்கு மணிதானே என்று தள்ளிவிடலாமா? கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

குளூட்டன் அற்றது என்று பொதியில் எழுதுவதற்குச் சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் 2008இல் வகுத்த எல்லை, ஒரு கிலோகிராம் உணவில் 20 மில்லிகிராம் குளூட்டன். ஒரு கோதுமை மணியின் நிறை ஏறத்தாழ 40 மில்லிகிராம். அதில் பத்திலொரு பங்கு குளூட்டன் எனக் கொண்டால், மணியொன்றில் 4 மில்லிகிராம். ஆகவே, ஏறக்குறைய முப்பதாயிரம் மணிகள் கொண்ட ஒரு கிலோ ஓட்ஸிலே ஐந்து கோதுமை மணிகள் கலந்தாலே எல்லை எட்டப்பட்டுவிடும்! 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று, நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உட்சென்றால் குடற்சுவர் கெடும் எனக் கண்டது. அது ஒரு பாண் துண்டிலுள்ள குளூட்டனில் நாற்பதிலொரு பங்களவே. எல்லைக்குட்பட்ட ஓட்ஸில் 50 கிராம் உண்பவர்க்கு உட்செல்வது ஒரு மில்லிகிராமே, அதனால் அச்சமில்லை. ஆனால் 2004இல் அமெரிக்கக் கடைகளில் வாங்கிய பன்னிரண்டு ஓட்ஸ் பொதிகளைச் சோதித்தபோது, ஒன்றில் கிலோவுக்கு 1,800 மில்லிகிராமுக்கு மேல் காணப்பட்டது. அதில் ஒரு கோப்பைக் கஞ்சி குடித்தவர் 90 மில்லிகிராமை விழுங்கியிருப்பார். கனடாவில் சாதாரண ஓட்ஸ் மாதிரிகள் 133ஐச் சோதித்து 2011இல் வெளியிட்ட முடிவில், நூற்றுக்கு 88 எல்லையைக் கடந்திருந்தன.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கலப்படம் பொதி முழுவதும் சீராகப் பரந்திருப்பதில்லை. ஒரு கோப்பையில் ஒன்றுமிராது. அடுத்த கோப்பையில் முழு மணியொன்று நசுங்கிக் கிடக்கும். நேற்று உண்டபோது ஒன்றும் செய்யவில்லை என்ற அனுபவம் இன்றைய கோப்பைக்குப் பிணையாகாது.

இவ்விடரை நீக்க இரு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று, விதை முதல் பொதி வரை கோதுமையும் பார்லியும் அணுகாதபடி, தனி வயலிலே பயிரிட்டுத் தனி இயந்திரத்தால் அறுத்துத் தனி ஆலையிலே பதப்படுத்துதல். மற்றையது, சாதாரண ஓட்ஸை வாங்கி, மணியின் நீளம், பருமன், நிறம் ஆகியவற்றைக் கொண்டு அந்நிய மணிகளை இயந்திரத்தாற் பொறுக்கி நீக்குதல். பின்னையது மலிவானது; ஆனால் பார்லி மணி ஓட்ஸை மிகவும் ஒத்திருப்பதால் முற்றாகப் பிரிப்பது கடினம். முன்னையதை நாடுவோரே விவேகிகள் என்னலாம், விலை சற்றுக் கூடினாலும். வயலில் எவ்வளவு காத்தாலும் ஆலையில் ஒரு கணத் தவறு போதும். 2015இல் அமெரிக்காவிலே, குளூட்டன் அற்றதென விற்ற ஓட்ஸ் உணவொன்றில் கோதுமை மா தவறுதலாகக் கலந்துவிட்டமையால், பதினெட்டு இலட்சம் பெட்டிகள் மீளப் பெறப்பட்டன.

நாடுகளின் சட்டங்களோ ஒருமுகப்பட்டனவல்ல. ஐக்கிய அமெரிக்கா 2013இல் வகுத்த விதிப்படி, 20 என்ற எல்லைக்குள் அடங்கும் ஓட்ஸுக்கு அப்பெயரைச் சூட்டலாம். ஐரோப்பிய நாடுகளின் நிலையும் அதுவே. கனடா 2015இல், தனியாக விளைவித்த ஓட்ஸுக்கு மட்டும் அனுமதி வழங்கியது. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் எவ்வளவு தூயதாயினும் ஓட்ஸுக்கு அப்பெயரை மறுக்கின்றன. இலங்கையில் ஓட்ஸ் விளைவதில்லை. கடைகளிலுள்ள ரின்களும் பொதிகளும் பல தேசங்களிலிருந்து வருபவை. ஆதலின் ஒரு பொதியிலே அச்சொல் இருப்பதும் மற்றொன்றில் இல்லாதிருப்பதும், உள்ளேயிருக்கும் தானியத்தின் வேறுபாட்டை மட்டுமன்றி, அது புறப்பட்ட நாட்டின் சட்டத்தையும் காட்டலாம். அச்சொல் இல்லாத பொதியை நோயாளி வாங்காதிருத்தலே தக்கது. அது தூயதென உறுதிசெய்ய அவருக்கு வேறு வழியில்லை. சோறு, இடியப்பம், குரக்கன் பிட்டு ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் இல்லாமையால், இந்நாட்டு நோயாளிக்கு ஓட்ஸ் ஐரோப்பியருக்குப்போல் இன்றியமையாததுமன்று. நீரிழிவும் கொலஸ்திரோலும் உடனிருந்து, வைத்தியர் ஓட்ஸைப் பரிந்துரைக்கும்போதே கேள்வி கூர்மையடைகிறது.

உண்ணத் துணிந்தவர் எவ்வாறு தொடங்குவது? நோய் கண்டறியப்பட்ட உடனேயன்று. குளூட்டனை விலக்கிச் சில மாதங்கள் கழிந்து, உடல் தேறி, குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் தணிந்த பின்னரே தொடங்குமாறு வைத்தியர் பலர் கூறுவர். சிறிதளவாகத் தொடங்கி, பெரியவர் நாளொன்றுக்கு 50 முதல் 70 கிராம், சிறுவர் 20 முதல் 25 கிராம் என்ற அளவுக்குள் நிற்க வேண்டும். முதற் சில நாட்களில் வயிறு உப்பலாம். அது பெரும்பாலும் நார்ச்சத்துத் திடீரெனக் கூடியதன் விளைவு. அதைக் கண்டு மிரளவேண்டியதில்லை. உப்புசம் நீங்காது தொடர்ந்தால், அல்லது கழிச்சலோ கொப்புளமோ தோன்றினால் நிறுத்திவிட்டு வைத்தியரை நாடல் வேண்டும். ஒன்றும் தோன்றாவிடினும் சில மாதங்களின் பின் குருதிப் பரிசோதனை அவசியம். இந்நோய் ஓசையின்றி நடக்கவல்லது என்பது முன்னரே கூறப்பட்டது. தமக்கு இந்நோய் இருக்கலாமென ஐயுறுபவர், சோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை விட்டுவிடலாகாது. விட்டால் பிறபொருளெதிரிகள் மறைந்து, நோய் இருந்தும் இல்லையெனச் சோதனை பொய் சொல்லும்.

ஓட்ஸைத் தொடங்கியபின் பிறபொருளெதிரிகள் ஏறுமாயின் அதனை நிறுத்துவது முறை. நிறுத்தியபின்னும் அவை இறங்காவிடில், வேறோரிடத்திலிருந்து குளூட்டன் வந்துகொண்டிருக்கிறது. அவ்வேளை சமையலறை அலுமாரியை ஒவ்வொன்றாய்ப் பார்த்தல் வேண்டும்: பார்லி முளையிலிருந்து செய்யும் மோல்ட் பானங்கள், கோதுமை சேர்த்து நொதிக்கவைக்கும் சோயா சோஸ், கோதுமை மா கலந்து கட்டியாக்கும் பெருங்காயம், பாணுக்கும் மற்றையவற்றுக்கும் பொதுவாக வழங்கும் கத்தியும் பலகையும்.